பச்சைச் சட்னி

ஜன்னலைச் சாத்தாதீங்க தம்பி, காத்து வரட்டும். நாத்தமெல்லாம் இந்தப் பாலம் தாண்டற வரைக்குந்தான். கீழ ஓடுது பாருங்க, அது எங்க வாய்க்கா. டவுனுச் சாக்கடை அத்தனையும் அந்தக் கம்பி வேலிக்குள்ள போயி, தொட்டி தொட்டியா எறங்கி, நொரை தள்ளி, தெளிஞ்சு, மருந்து போட்டு இந்தப் பக்கம் வருது. கையில அள்ளிப் பாத்தீங்கன்னா கண்ணாடியாட்ட இருக்கும். அதைப் போயி சாக்கடைத் தண்ணின்னு ஆராச்சும் சொன்னா எனக்கு முன்னெல்லாம் கோவம் சுர்ருன்னு ஏறும். இப்ப ஏர்றதில்லைங்க. சலிச்சுப் போச்சு.

தம்பி மதுரைப் பக்கமுங்களா? டிக்கெட் கேட்டப்பவே பேச்சுல தெரிஞ்சுதுங்க. நல்லதாப் போச்சு. உள்ளூர் ஆளா இருந்தா நானே வாயைத் தொறக்க மாட்டேன். உள்ளூர்ல அல்லாருக்கும் ஒரு கதை தெரியும், அவங்கவங்களுக்குத் தகுந்த மாதிரி. எங்கதையை ஆரு கேக்கறாங்க.

இந்த வாய்க்காலைக் கொண்டாந்தது ஆருன்னு நெனைக்கறீங்க? நாந்தானுங்க. கருக்கம்பாளையம் ரத்தினசாமின்னு இந்தப் பக்கம் ஆரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. இப்பச் சொல்லுவாங்களோ என்னமோ. எங்க ஊருக்குத் தண்ணி இல்லைன்னு ஒரு காலத்துல பொண்ணு குடுக்கவே ரோசிப்பாங்க. போர் ஓட்டுனா புழுதிதான் பொகையாட்ட வரும். தென்னையெல்லாம் தலை சாஞ்சு நின்னுச்சு. தோட்டத்தைப் போட்டுட்டு ஆளுக பனியன் கம்பெனி வேன்ல ஏறிப் போயிட்டிருந்தாங்க. அந்தச் சமயத்துல இங்க, டவுனுத் தண்ணியைச் சுத்தம் பண்ணி, சும்மா பள்ளத்துல உட்டுட்டிருக்காங்க. நம்மூட்டுக் கண்ணு முன்னால, கொள்ளை கொள்ளையா, ஆருக்கும் இல்லாம ஓடுது. எனக்குச் சோறு எறங்குமுங்களா?

ஆபீசு ஆபீசா ஏறி எறங்கினேன். எத்தனை செருப்பு தேஞ்சுதுன்னு எனக்கே தெரியாது. 'சாக்கடைத் தண்ணியையா பெரியவரே கேக்கறீங்க'ன்னு சிரிச்சாங்க. சிரிங்கடா, தண்ணியைக் குடுங்கடான்னு நின்னேன். கடைசியில குடுத்தாங்க. வாய்க்கா வெட்டி, பாசன சங்கம் வெச்சு, என்னையே தலைவராப் போட்டாங்க. மொத மொதத் தண்ணி வந்த அன்னிக்குக் கற்பூரம் காட்டிக் கெடா வெட்டுனோம். என்னைத் தோள் மேல தூக்கி வெச்சுட்டு ஆடுனாங்க தம்பி. அப்பேர்ப்பட்ட வாய்க்கா அது. அதைப் போயி...

போகட்டும் உடுங்க.

தண்ணி வந்த கையோட ஒரு கூட்டம் போட்டாங்க. வெவசாய ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மிணி வந்துச்சு. எம்பட மக வயசுதான் இருக்கும், கழுத்துல அட்டை தொங்கிட்டிருந்துச்சு. "ஐயா, இது சுத்தம் பண்ணுன தண்ணிதானுங்க, ஆனாக் கிருமி முழுசாப் போயிருச்சுன்னு சொல்ல முடியாது. தென்னைக்குக் கட்டுங்க, தீவனப்புல்லுக்குக் கட்டுங்க, மல்பெரிக்குக் கட்டுங்க. கத்திரி, வெண்டைன்னா சொட்டுநீரு போட்டு வேருக்கு மட்டும் உடுங்க, அதெல்லாம் வேக வெச்சுத் திங்கறது. மல்லித்தழை, புதினா, வெள்ளரிக்கா, முள்ளங்கி, இப்படிப் பச்சையாத் திங்கறதுக்கு மட்டும் வேண்டாமுங்க. பறிச்சதை இந்தத் தண்ணியில அலசவே கூடாது"ன்னு சொல்லுச்சு.

நான் எந்திரிச்சு, "ஏனம்மிணி, எங்கப்பன் காலத்துல எருக்குழியில இருந்து அள்ளிப் போட்டுத்தான் வெள்ளாமை வெச்சோம். அப்ப ஆரு செத்தாங்க?"ன்னு கேட்டேன். கூட்டமே சிரிச்சுது. அந்த அம்மிணி மட்டும் சிரிக்கல. "செத்தவங்க எதுனால செத்தாங்கன்னு அப்ப ஆரு பாத்தாங்க ஐயா"ன்னுச்சு. வாய் கொஞ்சம் நீளந்தான் அதுக்கு.

போறப்ப மடைகிட்ட ஒரு மஞ்சப் போர்டு நட்டுட்டுப் போயிட்டாங்க. மண்டையோடு படம் போட்டு, 'இந்தத் தண்ணீர் குடிக்கவோ காய்கறி கழுவவோ உகந்தது அல்ல'ன்னு எழுதி. நம்ம வாய்க்கா மொகத்துலயே மண்டையோடு! போற வர்ற ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் என்ன நெனைப்பாங்க? நான் ஒண்ணும் புடுங்கி எறியலைங்க. சர்க்காரு போர்டை நான் தொடவே இல்லை. சோளத்தட்டுப் போர் போட எடமில்லாம இருந்துச்சு, அதுக்கு முன்னால போட்டு வெச்சேன். அவ்வளவுதான்.

அப்பறம் மல்லித்தழை போட்டேன். ஏன் போட்டீங்கன்னு கேக்காதீங்க. கோடையில மல்லித்தழைக்கு இருக்கற கிராக்கி தம்பிக்குத் தெரியாது. ஊரே காஞ்சு கெடக்கறப்ப எம்பட பாத்தி மட்டும் பச்சைப் பசேல்னு நிக்கும். பஸ்சுல போறவங்க ஜன்னல் வழியாக் கழுத்தை நீட்டிப் பாத்துட்டுப் போவாங்க. அதுக்கே போடலாமுங்க. வாய்க்காலைத் திருப்பி உட்டாப் பாத்தி நெறஞ்சு நிக்கும். பறிச்சதும் மண்ணு போக வாய்க்காலயே ஒரு முக்கு முக்கி உதறிக் கட்டுனா, கட்டு மினுமினுன்னு இருக்கும்.

அதுல தெனமும் ஒரு சாக்கு எம்பட தங்கச்சி கடைக்குப் போகும். பால் வண்டியில தாட்டி உட்டுருவேன். சும்மாதான். தங்கச்சிகிட்ட வாங்குவமா?

அவ பேரு பூவாத்தா. அவ ஊட்டுக்காரரு லாரியில போனவரு திரும்பி வரல. சின்ன வயசு. 'நம்மூட்டுக்கே வந்துரு'ன்னு கூப்பிட்டேன், மாட்டேன்னுட்டா. டவுனு பஸ் ஸ்டேண்டுக்குப் பின்னால டிபன் கடை போட்டா. நாலு டேபிளு. டிரைவரு, கண்டக்டரு, மூட்டை தூக்கறவங்க, ஸ்பின்னிங் மில்லு ஹாஸ்டல் புள்ளைக, இவங்கதான் அவ கடைக்கு வர்ற ஆளுக. இட்லி எல்லாக் கடையிலயும் இருக்கும். பூவாத்தா கடைக்கு வர்றது பச்சைச் சட்னிக்கு. மல்லித்தழை, பச்சமொளகா, பொட்டுக்கடலை, உப்பு, எலுமிச்சம்பழம். வதக்கறது கெடையாது, தாளிக்கறது கெடையாது, பச்சையா அரைச்சு அப்படியே. டேபிள்ல கிண்ணத்துல இருக்கும், வேணுங்கறவங்க அள்ளிக்கலாம். அந்தச் சட்னிக்கு எம்பட தழைதான் உசுரு. கடைக்கு வந்தவங்ககிட்ட எல்லாம் "எங்கண்ணன் தோட்டத்துத் தழை"ன்னு சொல்லிச் சொல்லிப் போடுவா.

அந்தக் கோடையில, மாரியம்மன் நோம்பி சாட்டியிருந்த சமயம், தண்ணி சுத்தம் பண்ற பிளாண்ட்டுல இருந்து ஆபரேட்டர் போன் பண்றாரு. "தலைவரே, குளோரின் போடற மிசினு ரிப்பேருங்க. சாமான் வரோணும். அது வரைக்கும் தென்னைக்கு மட்டும் உட்டுக்கங்க. காய்கறிப் பக்கம் திருப்பாதீங்க. எல்லாத்துக்கும் சொல்லிப்போடுங்க"ன்னாரு. நானும் சொன்னனுங்க. சொல்லாம இல்லை. பாத்தவங்ககிட்ட எல்லாம் சொன்னேன்.

ஆனா மல்லித்தழை என்ன தென்னை மரமுங்களா? அந்த வெயில்ல ரெண்டு நாளு தண்ணி காமிக்கலைன்னாத் துவண்டு உழுந்துரும். நீங்களே சொல்லுங்க, நேத்து வரைக்கும் அதே வாய்க்கா, அதே தண்ணி. ஒரு மருந்து கொறைஞ்சா என்ன ஆயிப்போகும்? கொஞ்சம் மீன் வாடையாட்ட வந்துச்சு, அவ்வளவுதான்.

எங்கூட்டுல அவ மடையை அடைச்சுட்டு நின்னா. "போன்ல என்னமோ சொன்னாங்களே, வேண்டாமுங்க"ன்னா. "உனக்கு என்ன தெரியும்"னு மம்புட்டியைப் புடுங்கி நானே திருப்பி உட்டேன். அதுக்கு மேல அவ ஒண்ணும் பேசல. அவளுக்குப் பேசற பழக்கமில்லைங்க. கண்ணாலம் ஆன நாள்ல இருந்து அப்படித்தான். எனக்கு அவகிட்டப் புடிச்சதே அதுதான்.

அப்பறம் நடந்ததுதான் தம்பி, பேப்பர்லயெல்லாம் வந்துச்சு. ஒரே நாள்ல ஹாஸ்டல் புள்ளைக வரிசையாப் படுத்துருச்சுக. வாந்தி, பேதி, காச்சல். மறு நாளு டிரைவரு, கண்டக்டரு. பெரியாஸ்பத்திரியில கட்டில் பத்தலைன்னு தரையில பாய் போட்டுப் படுக்க வெச்சாங்க. அல்லாரும் பூவாத்தா கடையில தின்னவங்க. அவளும் படுத்துட்டா. கடையில மிச்சம் ஆகறதைத்தான் அவ திம்பா, வேற எதைத் திம்பா?

ஜெயராணின்னு தேனிப் பக்கத்துப் புள்ள ஒண்ணு. ரொம்ப மோசமாயிப்போச்சு. ஒண்ணுக்கே போகல, மொகமெல்லாம் வீங்கிப் போச்சு, கிட்னி வரைக்கும் போயிருச்சுன்னு டாக்டரு சொன்னாரு. அதும்பட அம்மா ஊர்ல இருந்து வந்து சேர்ற வரைக்கும் பூவாத்தாதான் பக்கத்துல உக்காந்திருந்தா. அவ கையிலயே குளுக்கோஸ் ஊசி குத்தியிருக்கு. அந்தக் கையோட அந்தப் புள்ள காலைத் தேச்சு உட்டுட்டு இருக்கறா.

நான் போனதும் எம்பட கையைப் புடிச்சுட்டு அழுகறா. "தண்ணி கொதிக்க வெச்சுத்தானுங்ணா வெக்கறேன். மாவு அன்னன்னிக்குத்தான் ஆட்டறேன். கை கழுவாம ஒரு தட்டைத் தொட்டதில்லைங்ணா. என்னத்துல ஆச்சுங்ணா?" இதையே திருப்பித் திருப்பிக் கேக்கறா.

"எண்ணெயில இருக்கும், பூவு. இப்ப எல்லாத்துலயும் கலப்படம்"னேன். "பொட்டுக்கடலை பழசா இருந்துருக்கும்"னேன். மனசுக்கு ஆறுதலா ஏதாச்சும் சொல்லோணுமில்லீங்களா.

என்ன கேக்கறீங்க? அந்தப் போனா? அது எனக்கு அப்ப நெனப்பே வரலைங்க. சரி, வந்துச்சுன்னே வெச்சுக்கங்க. ஆஸ்பத்திரியில, குளுக்கோஸ் ஏறிட்டு இருக்கறவகிட்ட, அதையா எடுத்துப் பேசறது?

கடையைச் சீல் வெச்சுட்டாங்க. பேப்பர்ல கடை பேரைக் கொட்டை எழுத்துல போட்டாங்க. இத்தனை நாளு "அக்கா அக்கா"ன்னு வந்து தின்னவங்க, "சுத்தம் கெட்டவ"ன்னு பேசறாங்க. ஒருத்தன் ஷட்டர் மேல சாணியை அடிச்சுட்டுப் போயிட்டான். கடைக்கு வாடகை வாங்கறவரு காலி பண்ணச் சொல்றாரு. ஆஸ்பத்திரியில இருந்து வந்தவ ஊட்டுக்குப் போகாம அந்தச் சாணியைக் கழுவிட்டு, பூட்டுன கடை முன்னாலயே உக்காந்துட்டா. 'எந்திரிச்சு வா'ன்னு சொல்லச் சொல்ல வரல. எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரே தங்கச்சிங்க. அன்னிக்கு நான் தின்ன சோறு சோறில்லை.

அப்பறம் ஒரு நாளு காலையில உணவுப் பாதுகாப்பு ஆபீசரு எங்க தோட்டத்துக்கே வந்துட்டாரு. கூட அந்த வெவசாய அம்மிணியும் வருது. கடையில இருந்த தண்ணி, மாவு, எண்ணெய் அல்லாத்தையும் சோதிச்சுப் பாத்துட்டாங்களாமா. அதுல ஒண்ணுமில்லை. மூலையில ஈரச்சாக்குல கெடந்த மல்லித்தழையிலதான் இருக்குன்னாரு. மனுசன் பீயில இருக்கற கிருமியாமா. வாயில சொல்லவே கூசுது.

"ரத்தினசாமிங்கறது நீங்கதானே? தழை உங்க தோட்டத்துதுதானா?"

"ஆமாங்க."

"எந்தத் தண்ணி கட்டறீங்க?"

நான் கெணத்துத் தண்ணின்னு சொன்னேன்.

என்னை அப்படிப் பாக்காதீங்க தம்பி. எங்கிட்டக் கெணறு இருக்கு, அது பொய்யில்லை. ஊட்டுக்குப் பின்னால, மழைத் தண்ணி எறங்கறதுக்குன்னு குழி வெட்டி வெச்சிருக்கோம், கொஞ்சம் ஊறும். நான் எனக்காகவா சொன்னேன்? வாய்க்கான்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன ஆகும்? தண்ணியை நிறுத்திப்போடுவாங்க. ஊரே மறுபடியும் புழுதியாப் போயிரும். ஒரு கடை முக்கியமா, ஊரு முக்கியமா? தங்கச்சிக்கு வேற கடை வெச்சுக் குடுத்துக்கலாம். வேற வாய்க்காலுக்கு நான் எங்க போறது? தலைவருன்னா நாலையும் ரோசிக்கோணுமில்லீங்களா?

ஆபீசரு அந்த அம்மிணியைப் பாத்தாரு. அது வாய்க்காலைப் பாத்துச்சு. பாத்தி அன்னிக்குக் காஞ்சு கெடந்துச்சு, எந்தத் தண்ணின்னு ஆரு சொல்ல முடியும். "கெணத்துத் தண்ணின்னா அப்பக் கடையில வெச்சுத்தான் ஏதோ கெட்டிருக்கு. அவங்க லைசென்ஸை ரத்துப் பண்ண வேண்டியதுதான்"னு ஆபீசரு திரும்பி ஜீப்புக்கு நடக்கறாரு.

அப்ப எங்கூட்டுல அவ, தலையில புல்லுக்கட்டோட வந்துட்டிருந்தவ, கட்டைக் கீழ போட்டா. "சார், செத்த நில்லுங்க"ன்னா.

அவ கொரலு எனக்கே புதுசா இருந்துச்சு.

"அவரு சொல்றது கெணத்தோரம் இருக்கற பாத்திங்க. அது எங்க ஊட்டுக்கு. கடைக்குப் போறது இந்தப் பாத்தியில வெளையறது. இது வாய்க்காத் தண்ணி. மருந்து போடற மிசினு கெட்டுப்போச்சுன்னு போன் வந்ததுக்கு அப்பறமும் இதுக்குத்தான் கட்டுனோம். வாய்க்காலயேதான் அலசுனோம்."

ஆபீசரு, "ஊட்டுக்கு ஏம்மா தனியாப் போட்டிருக்கீங்க?"ன்னாரு.

"இதை நாங்க திங்கறதில்லைங்க சார். என்னிக்குமே தின்னதில்லை."

அவ்வளவுதான் சொன்னா. முந்தானையில மொகத்தைத் தொடைச்சுட்டு, புல்லுக்கட்டைத் தூக்கிக் குடுக்க ஆளு தேடுனா. அந்த அம்மிணி போயித் தூக்கி உட்டுச்சு.

இத்தனை வருசம் எங்கூட வாழ்ந்தவ, அன்னிய மனுசங்க முன்னால அப்படிச் சொல்லலாமுங்களா? தின்னதில்லையாமா! அது ஒரு பழக்கமுங்க தம்பி. கெணத்தோரப் பாத்தி சமையக்கட்டுக்குப் பக்கம். கொழம்பு கொதிக்கறப்ப ஒரு எட்டு எட்டிக் கிள்ளிட்டு வரலாம். வாய்க்காப் பாத்தி தூரம். அதுக்குன்னு தூரம் போவாங்களா? நாந்தான் தண்ணி வந்த மொத வருசமே அவகிட்ட, 'ஊட்டுக்குக் கெணத்தோரம் ரெண்டு பாத்தி போட்டுக்க'ன்னு சொன்னேன். அதுல ஒரு கணக்கும் இல்லைங்க. சும்மா சொன்னது. அதை எங்க கொண்டு போயி முடிச்சு வெச்சா பாருங்க.

ஜீப்பு போனதுக்கு அப்பறம் கத்தினேன். வாயில வந்ததையெல்லாம் கத்தினேன். மாட்டுக்குப் புல்லு போட்டுட்டே கேட்டுட்டு இருந்தா. நான் ஓஞ்சதும் சொன்னா, "உங்க வாய்க்காலை நான் ஒண்ணுஞ் சொல்லல. பூவாத்தா கை சுத்தமான கைன்னுதான் சொன்னேன்."



தண்ணியை நிறுத்தலைங்க. அதுதான் எனக்கு இன்னமும் ஆறல. நான் பயந்தாப்பல ஒண்ணும் நடக்கல. எம்பட மல்லித்தழையை மட்டும் டிராக்டர் உட்டு ஓட்டச் சொன்னாங்க. மிசினைச் சரி பண்ணிட்டு, தென்னைக்கும் புல்லுக்கும் எப்பவும் போல உட்டுக்கங்கன்னுட்டாங்க. அந்த அம்மிணி மறுபடியும் வந்து கூட்டம் போட்டுச்சு. இந்தத் தடவை ஆரும் சிரிக்கல. சோளத்தட்டைத் தள்ளிப் போட்டுட்டு அந்தப் போர்டுக்குப் புதுசாப் பெயிண்டு அடிச்சாங்க. சங்கத்துக்கு வேற ஆளைத் தலைவராப் போட்டுட்டாங்க. எம்பட பங்காளிதான். போன்ல ஆபரேட்டர் சொன்னதை அவன்கிட்ட நான் சொல்லவே இல்லைன்னு கூட்டத்துல எந்திரிச்சுச் சொன்னான். பாத்தவங்ககிட்ட எல்லாம் சொன்னேன், அவனைப் பாக்கல, அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

மல்லித்தழை இருந்த எடத்துல இப்பத் தீவனப்புல்லு. அதுக்கு அக்கட்டால கத்திரிக்காய்க்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டிருக்கு. எல்லாம் எங்கூட்டுல அவ பாக்கறதுதான். அவளும் அந்த அம்மிணியும் வரப்புல உக்காந்து பேசிட்டு இருப்பாங்க. பறிக்கறதுக்கு எத்தனை நாளைக்கு முன்னால தண்ணியை நிறுத்தோணும், காயை எந்தத் தண்ணியில கழுவோணும்னு அவ கேக்கறா, அது சொல்லுது. நான் அந்தப் பக்கம் போனா ரெண்டு பேரும் "வாங்க"ம்பாங்க. மரியாதைக்கு ஒண்ணும் கொறையில்லை. ஆனா நான் இல்லாமலே அங்க எல்லாம் நடக்குது. ஊட்டுலயும் அப்படித்தான். முன்ன பேசாதவ இப்பப் பேசறா. கேக்காமலே சொல்றா, இப்படிச் செய்யலாம், அப்படிச் செய்யக்கூடாதுன்னு. எனக்கு எதுத்துப் பேசத் தெம்பில்லை. சரின்னுட்டுப் படுத்துக்கறேன்.

அந்தப் புள்ள ஜெயராணி பொழைச்சுக்கிச்சுங்க. மாரியாத்தா புண்ணியம். ஆனா மில்லு வேலைக்கு ஒடம்பு தாங்காதுன்னு அதும்பட அம்மா கூட்டிட்டுப் போயிருச்சு. போறப்பப் பூவாத்தாகிட்டச் சொல்லிட்டுப் போச்சாமா. நாலு சேலை வாங்கி அனுப்பலாம்னு எனக்கு ஒரு ரோசனை. அட்ரஸ் ஆரு குடுப்பாங்க.

பூவாத்தா கடையைத் தொறந்து உட்டுட்டாங்க. கடையில தப்பில்லைன்னு ஆபீசரே கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. பேப்பர்ல அது வரலைங்க. கெட்டதைத்தான் போடுவாங்க, நல்லதை எவன் போடறான். ஒரு தடவை எங்கூட்டுக்கு வந்தா. நான் முன்னால கட்டில்ல உக்காந்திருக்கேன். அவ பின்கட்டு வழியா நேராச் சமையக்கட்டுக்குப் போயிட்டா. நங்கையும் அவளுமா அழுகற சத்தம் கேட்டுச்சு. நங்கைன்னா அண்ணி, எங்க பக்கம் அப்படித்தான் கூப்புடுவாங்க. ஒரே அழுகை, அப்பறம் சிரிப்புச் சத்தம்கூட வந்துச்சு. அப்பறம் பின்கட்டு வழியாவே போயிட்டா. பஸ்சுக்கு நேரமாயிருக்கும்.

சரி, அவ வரலைன்னா என்ன, நாம போவோம்னு இன்னிக்குப் போயிட்டு வாரேன். அங்கிருந்துதான் வாரேன் தம்பி. பெரியவன் நாந்தான் எறங்கிப் போகோணும், அதுல எனக்குக் கவுரவம் ஒண்ணுமில்லை. போயி டேபிள்ல உக்காந்தேன். கடை பளிச்சுனு இருக்கு. புதுசா வெள்ளையடிச்சிருக்கா. அவ தலைதான் ஒரேயடியா நரைச்சுப் போச்சு.

பக்கத்துல வந்து தண்ணி வெச்சா. "வாங்க. என்ன சாப்பிடறீங்க?"ன்னா.

ரெண்டு இட்லி சொன்னேன். வாழையெலையைத் தொடைச்சு, இட்லி வெச்சு, சாம்பார் ஊத்தி, தேங்காச் சட்னி வெச்சா. "பச்சைச் சட்னி இல்லையா பூவு?"ன்னு கேட்டேன். வாய் தவறி வந்துருச்சு. "அது நிறுத்தியாச்சுங்க"ன்னா. அப்பறம், "இன்னும் வேணுமுங்களா?" "போதுமுங்களா?" நல்ல மரியாதையா, பதனமா, ஒரு கொறை சொல்ல முடியாது. எந்திரிச்சுக் கை கழுவப் போனா, சோப்பு எடுத்துக் குடுத்தா.

தம்பிக்கு எங்க பேச்சு தெரியுமோ என்னமோ. இங்க அண்ணனைக் கூப்பிட்டா 'வாங்ணா'ம்பாங்க. 'சாப்பிடுங்ணா', 'போதுமுங்களாண்ணா'. வார்த்தைக்கு வார்த்தை அந்த அண்ணா ஒட்டிட்டே வரும், தனியாச் சொல்ல வேண்டியதே இல்லை. ஆஸ்பத்திரியில அழுகறப்பக்கூட அவ அப்படித்தான் பேசுனா. இன்னிக்கு ஒரு தடவைகூடச் சொல்லல. உக்காந்ததுல இருந்து எந்திரிக்கற வரைக்கும் காதைத் தீட்டி வெச்சுட்டுக் கேட்டேன். ஒரு தடவை. ஒரே ஒரு தடவைகூடச் சொல்லல. போயிட்டு வாரேன் பூவுன்னேன். "சரிங்க"ன்னா.

வேணும்னு பண்ணியிருக்க மாட்டாளுங்க. எம்பட பூவாத்தா அப்படிப்பட்டவ இல்லை. கூட்டத்துல கவனிச்சிருக்க மாட்டா. கடைன்னா நாலு பேரு வருவாங்க, நாலு பேரு போவாங்க, இட்லி எடு, தட்டு எடுன்னு இருக்கறப்ப ஆருகிட்ட என்ன பேசறம்னு நெனப்பு இருக்காதில்லீங்களா. நீங்க சொல்லுங்க, உங்களுக்குத் தங்கச்சி இருக்கறாங்களா? கூட்டத்துல அப்படி மறந்து போறதுதானே?

எத்தனை பேரு இருந்தாங்கன்னா கேக்கறீங்க?

கடையில நான் ஒருத்தன்தானுங்க இருந்தேன்.